டோக்கன் அக்காவும் முப்பத்துநான்காம் பக்கமும்

அந்தச் சிறிய மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் முதலில் டோக்கன் அக்காவைத் தாண்டியாக வேண்டும். தாண்டுவது அவ்வளவு சுலபமில்லை. வாசலை ஒட்டிக் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். அதற்குப் பின்னால் மூக்கு நுனியில் கண்ணாடியோடு அவள் உட்கார்ந்திருப்பாள். சீட்டில் எழுத வேண்டியவை மூன்று: பெயர், வயது, உடம்புக்கு என்ன. அவள் கேட்பதோ முப்பது.

"காய்ச்சலா? எத்தனை நாளா? வீட்ல வேற யாருக்காவது இருக்கா? மாமியார் இன்னும் உங்களோடதான் இருக்காங்களா?"

காய்ச்சலுக்கும் மாமியாருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. மாமியாரைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் காய்ச்சல் இறங்கிவிடும்.

பத்தொன்பது வருடமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. வீட்டில் அவள் கணவர் பஸ் கண்டக்டர். பகல் முழுவதும் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருபவருக்கு வீட்டில் செலவழிக்கச் சொற்கள் மிச்சமிருக்காது. "சாப்பாடு", "ஆச்சு", "விளக்கு" என்று மூன்றே வார்த்தைகளில் குடும்பம் நடத்துகிற மனிதர். அவர்களுக்குள் சண்டை வந்ததே கிடையாது. சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும் அல்லவா? பேசாமல் வீட்டில் தேங்கியதையெல்லாம் அவள் காலை எட்டு மணிக்கு ஜன்னலில் வந்து கொட்டிவிடுவாள்.

அந்த மருத்துவமனை ஓடியது தூரதேசத்து அரசாங்கம் ஒன்றின் பணத்தில். எத்தனையோ நாடுகளில் எத்தனையோ ஏழைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிற அரசாங்கம். குழந்தைகளின் தடுப்பூசி, கர்ப்பிணிகளின் சத்து மாத்திரை, கருத்தடை ஊசி, சர்க்கரை மாத்திரை எல்லாம் அந்தப் பணம்தான். கொடுக்கிற கை நிபந்தனையும் கொடுக்கும். ஒரு நாள் நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் பணம் வாங்குகிற இடத்தில் கருக்கலைப்பு செய்யக்கூடாது, அதைப் பற்றி ஆலோசனை சொல்லக்கூடாது, அது எங்கே நடக்கும் என்று வழியும் காட்டக்கூடாது. மீறினால் பணம் நிற்கும்.

கடிதம் நாற்பத்திரண்டு பக்கமாகத்தான் புறப்பட்டது. தலைமை அலுவலகத்தில் அதைப் படித்தவர்கள் பயந்துபோய் எட்டுப் பக்கத்தில் சுருக்கம் எழுதினார்கள். வட்டார அலுவலகம் அந்த எட்டைப் படித்து இன்னும் கொஞ்சம் பயந்து இரண்டு பக்கமாக்கியது. அதைப் படித்த திட்ட ஒருங்கிணைப்பாளர், பன்னிரண்டு மருத்துவமனைகளுக்குப் பொறுப்பான பையன், வியர்த்து விறுவிறுத்து ஒரே வரியில் செய்தி அனுப்பினான்: "மூன்றாம் நம்பர் அறையைப் பூட்டவும்."

மூன்றாம் நம்பர் அறை கரு கலைக்கிற இடம் அல்ல. கரு தானாகவே சிதைந்தோ, வேறெங்கோ போய் எதையோ செய்துகொண்டோ, ரத்தப்போக்கு நிற்காமல் வருகிற பெண்களைப் பிழைக்கவைக்கிற இடம். ஒரு கட்டில், ஒரு விளக்கு, டாக்டரம்மா தன் சொந்தக் காசில் வாங்கிப்போட்ட உறிஞ்சு கருவி ஒன்று, அதில் பயிற்சி எடுத்த சிஸ்டர் ஒருத்தி. அவ்வளவுதான் அந்த அறை. மாதம் நாலைந்து பெண்கள் அங்கே நுழைந்து, மறுபடி தங்கள் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

"அக்கா, சாவி உங்ககிட்டதான் இருக்கணும்" என்றான் ஒருங்கிணைப்பாளன். "யார் வந்து கேட்டாலும் குடுக்கக்கூடாது. உங்களை நம்பித்தான் இந்தப் பொறுப்பை விடறேன்."

நம்பித்தான் என்ற சொல்லில் அக்கா உருகிவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளிடம் ஒரு சாவியை நம்பிக் கொடுத்ததில்லை. தாலிச் சங்கிலியிலேயே அதைக் கோத்துக்கொண்டாள்.

அறைக் கதவில் 'கருச்சிதைவு சிகிச்சை' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அந்த எழுத்தையே மறைக்க வேண்டும் என்றான். அவன் பையில் அப்போது இருந்த ஒரே சுவரொட்டி பல் துலக்கும் முறையைப் பற்றியது. அதை ஒட்டினார்கள். மறுநாளிலிருந்து பூட்டிய கதவுக்கு முன்னால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வரிசையில் நின்றார்கள். பல் டாக்டர் இங்கே கிடையாது என்று சொன்னால், "அப்ப எதுக்கு விளம்பரம்?" என்று சண்டைக்கு வந்தார்கள்.

அதோடு விட்டானா? பயிற்சி வகுப்பு என்று வந்து நின்றான். நாடகம் போலச் செய்து பார்க்க வேண்டுமாம். முறுக்கு மீசையும் கழுத்துப் பட்டையுமாக ஜன்னலுக்கு முன்னால் நின்று, "நான்தான் கர்ப்பமான பொண்ணு. நீங்க டோக்கன் அக்காவாவே இருங்க" என்றான். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு, "அக்கா, எனக்கு இந்தக் கர்ப்பம் வேண்டாம். எங்க போறது?" என்று கேட்டான்.

"எத்தனை மாசம்?" என்றாள் அக்கா.

"அதைக் கேக்கக்கூடாதுக்கா."

"சரி. வீட்டுக்காரர் என்ன வேலை?"

"அதையும் கேக்கக்கூடாது."

"மூத்தது எத்தனை இருக்கு?"

"அக்கா, எதையுமே கேக்கக்கூடாது. 'அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை' அப்படின்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"ஒரு பொண்ணு அழுதுகிட்டு வந்து நிக்கறா. நான் மரம் மாதிரி உக்காந்திருக்கணுமா?"

"நான் அழலையே."

"இந்த மீசையோட வந்தா யாருக்கு அழுகை வரும்? கொஞ்சம் அழுது காட்டு தம்பி."

சிஸ்டர் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். மூன்று முறை நடத்தியும் அக்கா தேறவில்லை. மூன்றாம் முறை அவனுக்கு ஒரு நல்ல வரன் பார்த்திருப்பதாகவும் சொல்லிவிட்டாள். கடைசியில் அந்த வாக்கியத்தை ஓர் அட்டையில் எழுதி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டான். கூடவே, முழுக் கடிதத்தின் தமிழாக்கம் வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், நாற்பத்திரண்டு பக்கத்தையும் துளையிட்டு ஒரு கயிற்றில் கட்டிப் பக்கத்துச் சுவரில் தொங்கவிட்டான். வரிசையில் நிற்பவர்கள் அதை விசிறிக்கொள்ள எடுத்தார்கள். அக்கா ஈ அடிக்க எடுத்தாள். படிக்க எடுத்தவர் ஒரே ஒருவர்தான். அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். வாரா வாரம் சர்க்கரை மாத்திரைக்கு வருபவர். கையில் எது கிடைத்தாலும் சிவப்புப் பேனாவால் பிழை திருத்தாவிட்டால் அவருக்குக் கை நமநமக்கும்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாக இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரம் ஒரு பெண் வந்தாள்.

துணிக்கடையில் வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட துணிகளை மடித்து அடுக்குகிற வேலை அவளுக்கு. இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை, வீட்டில் இன்னும் இரண்டு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலே எழும்பாமல், "அக்கா, மறுபடி நாள் தள்ளிப்போச்சு. என்ன பண்றதுன்னே தெரியலை" என்றாள்.

அக்காவின் நாக்கு நுனியில் முப்பது கேள்விகள் வந்து முட்டி மோதின. கழுத்தில் சாவி கனத்தது. தடுப்பூசி போட வந்த குழந்தைகள் வரிசையில் வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தன. தன் வாயால் இந்தக் குழந்தைகளுக்கு மருந்து நின்றுபோனால்? கண்ணை மூடிக்கொண்டு அட்டையில் இருந்ததைப் படித்தாள்.

"அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை."

அந்தப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டாள். அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் நிமிர்ந்து பார்த்தார். "வயிறா?" என்றார். "மனசு" என்றாள். அந்த வீட்டில் நடந்த மிக நீண்ட உரையாடல் அதுதான்.

சரியாகப் பன்னிரண்டாம் நாள், காலை பத்தரை மணி. வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நாத்தனார்காரி ஒருத்தி முன்னால் இறங்கி, உள்ளேயிருந்து அந்தத் துணிக்கடைப் பெண்ணை அணைத்துப் பிடித்து இறக்கினாள். முகம் வெளுத்து வாழைத்தண்டு மாதிரி இருந்தது. புடவையின் பின்பக்கம் முழுக்க நனைந்து கருத்திருந்தது.

"விடியக்காலைலேருந்து போயிட்டே இருக்கு" என்றாள் நாத்தனார். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை இவ. பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தவ அப்படியே சரிஞ்சுட்டா. இவ எனக்கு அண்ணியா, எமனா தெரியலை. காப்பாத்துங்க."

சிஸ்டர் ஓடி வந்து நாடி பார்த்தாள். பெஞ்சில் படுக்கவைத்துக் கையில் சலைன் ஏற்றினாள். பிறகு ஜன்னலுக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அக்கா, கருவோட மிச்சம் உள்ள தங்கியிருக்கு. எடுத்தாத்தான் ரத்தம் நிக்கும். பெரிய ஆஸ்பத்திரி ரெண்டு மணி நேரம். அதுவரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியலை. சாவி" என்றாள்.

டாக்டரம்மா வருவது செவ்வாயும் வெள்ளியும். அன்று புதன்.

அக்கா சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் ஒருங்கிணைப்பாளனுக்குப் போன் போட்டாள். அவன் எங்கே இருந்தான் தெரியுமா? இதே விதியைப் பற்றி நடந்த கருத்தரங்கில். மேஜைக்கடியில் குனிந்து பேசுவது போலிருந்தது குரல்.

"அக்கா, நான் மீட்டிங்ல இருக்கேன்."

"தம்பி, ஒரு பொண்ணு ரத்தமா கொட்டிக்கிட்டு வந்திருக்கு. அறையைத் திறக்கணும்."

"தானா ஆனதா, ஏதாவது பண்ணிக்கிட்டாங்களா?"

"அதைக் கேக்கக்கூடாதுன்னு நீதானே சொன்னே."

 "வட்டார ஆபீசைக் கேட்டுட்டு சொல்றேன். அதுவரைக்கும் தொறக்காதீங்க. பன்னெண்டு ஆஸ்பத்திரியும் மூடிப்போயிடும்க்கா. ப்ளீஸ்." வைத்துவிட்டான்.

பெஞ்சிலிருந்து தரையில் சொட்டு விழுந்தது. ஒன்று. இன்னொன்று. அக்கா அதைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இந்த ஜன்னலில் வந்து நின்றவளுக்குத் தான் கொடுத்த பதில் அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு தாயின் உயிர், அந்தப் பக்கம் நூறு குழந்தைகளின் ஊசி. நடுவில் கழுத்தில் ஒரு சாவி. எந்தத் தெய்வத்தைக் கூப்பிடுவது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஏம்மா" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. சர்க்கரை மாத்திரைக்கு வந்த ப்ரூஃப்காரர். "இந்த ரத்தப்போக்கு விஷயம் கடுதாசில வருதே."

"எந்தக் கடுதாசில?"

"இதோ தொங்குதே, இதுலதான். போன வாரம் பாத்த பக்கத்துல இருந்துது."

"என்னன்னு போட்டிருக்குங்கய்யா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் எழுத்தைத்தான் பாப்பேன். பொருள் பாக்கறது எடிட்டர் வேலை."

அக்கா கயிற்றோடு கடிதத்தை அறுத்து இழுத்தாள். பக்கங்கள் ஈயின் ரத்தமும் சிவப்புப் பேனாவுமாக இருந்தன. "எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"முப்பதுக்கு மேல. ஒரு கமாவைச் சுழிச்சிருப்பேன், பாருங்க."

வரிசையே ஜன்னலை மொய்த்தது. கன்னம் வீங்கிய ஆள் ஒருவர் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "இல்லை இல்லை, அடுத்தது" என்றாள் பின்னாலிருந்த கர்ப்பிணி. முப்பத்துநான்காம் பக்கத்தில் சிவப்புச் சுழி கிடைத்தது. அக்கா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, பத்தொன்பது வருடமாக டோக்கன் நம்பர் கூப்பிட்ட அதே குரலில், தெருவுக்கே கேட்கும்படி படித்தாள்.

"கருச்சிதைவினாலோ, வேறு இடத்தில் செய்துகொண்ட கருக்கலைப்பினாலோ ரத்தப்போக்கு, காய்ச்சல் முதலிய கேடுகளோடு வருகிறவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதை இந்த விதி தடை செய்யவில்லை. சிகிச்சைக்கு முன் காரணத்தை நிரூபிக்கும்படி அவர்களைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கான உறிஞ்சு கருவியை இந்த நிதியில் வாங்கக்கூடாது."

"கருவி டாக்டரம்மா சொந்தக் காசு" என்றாள் சிஸ்டர்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அவள் உடம்புக்கு அதை ஓட்டம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்ற நேரமில்லை. கழுத்தோடு குனிந்து, பல் துலக்கும் சுவரொட்டியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு பூட்டைத் திறந்தாள். கதவு திறந்த வேகத்தில் சங்கிலியும் அவளும் உள்ளே போய்விட்டார்கள்.

"என் தலையைக் கொஞ்சம் பூட்டுலேருந்து விடுவிச்சுவிடுங்க சிஸ்டர், அப்புறமா விளக்கைப் போடுங்க."

பெண்ணைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். கதவைச் சாத்தும் முன் அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வருகிறாள். சொன்னால் கேட்டுக்கொள்ள இந்த ஊரிலேயே மிகவும் ஆசைப்பட்ட காது அக்காவுடையதுதான். ஆனால் அவள் அந்த வாயை மெதுவாகப் பொத்தினாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்டி தங்கம். அன்னிக்கி நீ பேச வந்தப்ப நான் கேக்கலை. இன்னிக்கி நான் எதையும் கேக்கப்போறதில்லை. நீ நல்லா ஆனா போதும்."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாருக்கும் டோக்கன் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நாத்தனார் பெஞ்சுக்குக் கீழேயிருந்த ரத்தத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கிவச்சுக்கிட்டிருந்தா. நானும் பதிலுக்குப் பேசாம இருந்துட்டேன்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். கன்னம் வீங்கியவர் வலியை மறந்து அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முப்பத்தைந்து நிமிடம். சிஸ்டர் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தாள். "நின்னுடுச்சு. தூங்கறா. பசிக்குதுன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டா" என்றாள்.

அக்கா அழுதாள். நாத்தனார் அழுதாள். ப்ரூஃப்காரர் மூக்கைச் சிந்தினார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அக்கா, வட்டார ஆபீஸ்ல தலைமை ஆபீசைக் கேக்கறாங்களாம். தலைமை ஆபீஸ்ல வெளிநாட்டுக்கு மெயில் போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வந்துடும்."

"வெள்ளிக்கிழமை அவ துணி மடிக்கப் போயிடுவா. நீ கெளம்பி வா" என்று வைத்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவன் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினான். முகம் தொங்கிப்போயிருந்தது. "அக்கா, என்னை மாட்டிவிட்டுட்டீங்களே" என்று ஆரம்பித்தான். அக்கா முப்பத்துநான்காம் பக்கத்தை நீட்டி, "சத்தமா படி" என்றாள்.

படித்தான். நின்றான். மறுபடி முதலிலிருந்து படித்தான். "இது எங்களுக்கு வந்த சுருக்கத்துல இல்லைக்கா."

"சுருக்கத்துல எப்படி இருக்கும்? சுருக்கத்தானே செஞ்சாங்க. நீ முழுசைப் பாத்தியா?"

"பன்னெண்டாம் பக்கம் வரைக்கும்."

"இவரு முழுசும் பாத்திருக்காரு. என்ன போட்டிருக்குன்னு இவருக்கும் தெரியாது. நான் இதால ஈ அடிச்சேன். எல்லாரும் சேர்ந்து ஒரு பொண்ணைக் கொன்னிருப்போம் தம்பி."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். மீசையைத் தடவினான். பிறகு திடீரென்று நிமிர்ந்தான். 

"அக்கா, மத்த பதினொரு எடத்துலயும் பூட்டச் சொல்லியிருக்கேன்."

அதற்கப்புறம் அந்த ஜன்னலில் நடந்ததைப் பார்க்க டிக்கெட் போட்டிருக்கலாம். அவன் நம்பரைப் போட்டுக் கொடுக்கக் கொடுக்க, அக்கா போனைப் பிடித்துக்கொண்டு முப்பத்துநான்காம் பக்கத்தை வரி விடாமல் படித்தாள். முதல் இடத்தில், "எழுத்துல அனுப்புங்க" என்றார்கள். "என் குரலே எழுத்துதான், தொறங்க" என்றாள். இரண்டாவது இடத்தில் அந்த அறையில் பழைய நாற்காலிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். "நாற்காலிக்கெல்லாம் ரத்தம் போகாது. வெளியில எடுத்துப் போடுங்க." நான்காவது இடத்தில் முந்தாநாள் ஒருத்தி வந்து திரும்பிப் போயிருந்தாள். அங்கே மட்டும் அக்காவின் குரல் தணிந்தது. எந்தத் தெரு, யார் வீடு, யார் போய்ப் பார்ப்பது, எத்தனை மணிக்கு அழைத்து வருவது என்று கேட்க ஆரம்பித்தாள். அவளை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு வருகிற ஆளின் பெயரை வாங்கிக்கொண்ட பிறகுதான் போனை வைத்தாள். ஒருங்கிணைப்பாளன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் தோளை ஒரு தட்டுத் தட்டினாள். "அழணும்னா அப்புறம் அழு. அடுத்த நம்பரைப் போடு."

அரை மணி கழித்து அந்த நான்காவது இடத்திலிருந்து பதில் வந்தது. அவள் வந்துவிட்டாள். காய்ச்சல் இருக்கிறது, ஊசி போட்டாயிற்று, அறையில் படுத்திருக்கிறாள்.

பதினொன்றாவது இடத்தில் சாவியை வைத்திருந்த வாட்ச்மேன் லீவில் போயிருந்தான்.

"ஒடைங்க" என்றாள் அக்கா.

"ஒடைக்கவா? ஆபீஸ் பூட்டுக்கா அது."

"நான் லைன்லயே இருக்கேன். சுத்தியல் எடுங்க."

போனை இருவரும் தங்கள் காதுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்கள். தூரத்தில் ஓர் அடி கேட்டது. இன்னோர் அடி. யாரோ, "என் வெரலு" என்றார்கள். மூன்றாவது அடியில் ஏதோ தரையில் விழுந்து உருண்டது. "தொறந்துடுச்சுக்கா" என்றது குரல்.

ஒருங்கிணைப்பாளன் நீளமாக மூச்சு விட்டான். பிறகு, "அக்கா, பூட்டை ஒடைச்சதுக்கு உத்தரவு யார் பேர்ல எழுதறது?" என்று கேட்டான்.

"உன் பேர்லதான்" என்று அக்கா பேனாவைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். "பயப்படாம எழுது. ஐயா பிழை பாத்துக் குடுப்பாரு."